அம்பயர் அண்ணே, கண்ணு தெரியலையா?

2024 பெப்ரவரி 21, புதன்கிழமை இரவு. மஹியாவையில நண்பன் வீட்டு முன்னறை. ஆறு பேர், ஒரு டீவி, ஒரு தட்டு வடை. தம்புள்ளையில இலங்கைக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் மூணாவது ரி20. தொடரை ஏற்கனவே நம்மாளுங்க வென்றாச்சு. தோற்றாலும் ஒண்ணும் குறையாத மெட்ச். ஆனாலும் 210 என்ற இலக்கை விரட்டி, கடைசி மூணு பந்துக்கு 11 ஓட்டம் என்ற இடத்துக்கு வந்திருந்தாங்க. கமிந்து மெண்டிஸ் துடுப்போட நிக்கிறார்.

நாலாவது பந்து. வஃபாதார் போட்டது தரையில படாம நேரா மேலேயே வந்திச்சு. இடுப்புக்கு மேல என்று சொல்ல அளவுகோல் ஒண்ணும் தேவையில்ல. நாங்க ஆறு பேரும் ஒரே நேரத்துல "நோபோல்!" என்று எழும்பினோம். டீவியில அம்பயர் அசையவே இல்ல. கமிந்து ரிவியூ கேட்டுப் பார்த்தார், கிடைக்கல. 3 ஓட்டத்தால தோல்வி. உள்ளறையிலிருந்து அம்மா, "சத்தம் போடாதீங்கடா, பக்கத்து வீட்ல புள்ள தூங்குது" என்றார். எங்களில் ஒருத்தன் டீவியைப் பார்த்து, "அம்பயர் அண்ணே, கண்ணு தெரியலையா?" என்று கத்தினான். அதுக்குப் பிறகு அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அன்று இரவு தூங்காம யோசித்தது தோல்வியைப் பற்றி இல்ல. ஏன் ரிவியூ கேட்க முடியல? கையில ஃபோனை வைத்துக்கொண்டு விதியைத் தேடினோம். பந்துவீச்சாளரின் முன்பாதம் கோட்டைத் தாண்டினதா என்பதை இப்போ மூன்றாம் நடுவர் கெமராவில் பார்க்கிறார். ஆனா பந்தின் உயரத்தால் வரும் நோபோல் மைதானத்தில் நிற்கும் நடுவரின் கண்ணுக்கு விடப்பட்டிருக்கு. அதை எதிர்த்து வீரர் ரிவியூ கேட்க முடியாது. ஐபிஎல்-லில் 2023இலிருந்து வைட்டுக்கும் நோபோலுக்கும் ரிவியூ கேட்கலாம். அதாவது, அதே பந்து சென்னையில ஒரு ஐபிஎல் மெட்சில வந்திருந்தா கமிந்து கையால் T போட்டுக் காட்டியிருப்பார். நாட்டுக்காக ஆடும்போது அந்த வசதி இல்ல.

மெட்ச் முடிந்ததும் அணித்தலைவர் வனிந்து ஹசரங்க அம்பயரைப் பற்றி வெளிப்படையாகக் கடுமையாகப் பேசினார். அவருக்கு மெட்ச் சம்பளத்தில் பாதி அபராதம், மூணு தண்டப்புள்ளி. ஏற்கனவே இருந்த புள்ளிகளோடு சேர்த்து ஐந்தானதால ரெண்டு மெட்ச் தடை. அவர் பேசினது சரி என்று நாங்க சொல்ல வரல. ஒரு மனிதனின் தொழிலையே கேலி செய்வது நியாயமில்ல. ஆனா அந்த நோபோலைப் பற்றி அதே அளவு தெளிவான ஒரு பதில் எங்களுக்குக் கிடைக்கல. பிழையைச் சுட்டிக் காட்டியவருக்கு என்ன தண்டனை என்று எல்லாருக்கும் தெரியும். பிழைக்கு என்ன ஆச்சு என்று கேட்டா எங்களில் யாருக்கும் சொல்லத் தெரியல.

இதைப் பற்றி மறுநாள் மாமாவிடம் புலம்பினோம். அவர் சிரித்தார். "நீங்க இதுக்கே இப்படியா? நான் அஸ்கிரியவில இருந்தேன்டா" என்றார்.

கண்டிக்காரருக்கு அஸ்கிரிய என்றா 2001 மார்ச். இங்கிலாந்துடன் ரெண்டாவது டெஸ்ட். நடுவர்கள் தென்னாபிரிக்காவின் ரூடி கோர்ட்சனும் நம்ம நாட்டின் பி. சி. கூரேயும். ஐந்து நாளில் பத்துக்கும் மேற்பட்ட பிழையான தீர்ப்புகள். இங்கிலாந்து அணித்தலைவர் நாசர் ஹுசைன் 109 அடித்தார். முரளியின் பந்தில் அவர் பிடி கொடுத்தும் தப்பினார் என்று மாமா இன்னும் விரல் விட்டு எண்ணுகிறார். நம்ம ரெண்டாவது இன்னிங்ஸில், சனத் ஜயசூரியவின் மட்டையில் பட்ட பந்து தரையில் குத்தி எழும்பி கிரஹம் தோர்ப்பின் கைக்குப் போனது. கோர்ட்சன் விரலைத் தூக்கினார். சனத் கோபத்தில் ஹெல்மெட்டை வீசினார், அபராதமும் கட்டினார். இங்கிலாந்து 3 விக்கெட்டால் வென்றது. காலியில முதல் டெஸ்டைத் தோற்றிருந்தவர்கள், கொழும்பிலும் வென்று தொடரை 2-1 என்று கொண்டு போனார்கள்.

இதில எங்களுக்கு விசித்திரமாகப் பட்டது ஒண்ணு. கூரே இலங்கையர். உள்ளூர் அம்பயர் உள்ளூர் அணிக்குச் சாதகமாகத்தான் இருப்பார் என்பது உலகம் முழுக்க இருந்த சந்தேகம். அதனாலதான் 2002இல் ஐசிசி தெரிவுசெய்யப்பட்ட நடுவர் குழாமை உருவாக்கி, டெஸ்டுக்கு ரெண்டு பேரும் வெளிநாட்டவர் என்று வைத்தது. ஆனா கண்டியில உள்ளூர்க்காரரின் பிழைகளாலும் நம்ம அணி அடிவாங்கியது. பிழை எப்பவும் பாரபட்சத்தால வருவதில்ல. சூழ்ந்து நின்று கத்தும் அணி, சுழலும் பந்து, பத்தாயிரம் குரல், ஒரு ஜோடிக் கண். அவ்வளவுதான்.

"அப்போ முரளிக்கு நடந்தது?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். மாமாவின் முகம் மாறியது.

அது வேற கதை. முத்தையா முரளிதரன் எங்க ஊர்க்காரர், கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில படித்தவர். 1995 டிசம்பர் 26, மெல்பேர்ன். நடுவர் டரல் ஹெயார், கையை மடக்கி எறிகிறார் என்று முரளியின் பந்துகளுக்கு ஏழு தரம் நோபோல் கொடுத்தார். மாமா சொன்னதுல எங்களை உலுக்கியது அந்த ஏழு இல்ல. அர்ஜுன ரணதுங்க முரளியை மற்ற முனைக்கு மாற்றினார். அங்கே நின்றவர் ஸ்டீவ் டன். அதே நாள், அதே கை, அதே பந்து. அவர் ஒரு தரம்கூட நோபோல் சொல்லல.

பத்து வருஷத்துக்குப் பிறகு விதியே மாறியது. ஆய்வுகூடத்தில் அளந்து பார்த்தபோது, சுத்தமாக வீசுகிறார்கள் என்று நம்பப்பட்ட பெரும்பாலானவர்களின் முழங்கையும் கொஞ்சம் நீளத்தான் செய்கிறது என்று தெரிந்தது. 2005இலிருந்து எல்லாருக்கும் 15 பாகை வரை அனுமதி. 2007 டிசம்பர் 3, அதே அஸ்கிரியவில், போல் கொலிங்வுட்டைப் போல்ட் ஆக்கி ஷேன் வோர்னின் 708ஐ முரளி தாண்டினார். மாமா அன்றும் அங்கே இருந்தார். "அழுதேன்டா" என்றார். மலையகத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, யாரோ ஒருத்தர் தூரத்தில் நின்று உன் கை சரியில்ல, உன் காகிதம் சரியில்ல என்று கை காட்டுவது புதுசில்ல. அதனால முரளி விஷயத்துல எங்களுக்கு வரும் கோபம் வெறும் கிரிக்கெட் கோபம் இல்ல என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேணும்.

சரி, கெமரா வந்தா எல்லாம் தீருமா? டிஆர்எஸ் டெஸ்டில் முதன்முதலாகப் பரீட்சிக்கப்பட்டதே நம்ம நாட்டில்தான், 2008 ஜூலையில் இந்தியா வந்தபோது. அந்தத் தொடரில் இலங்கை அதை நன்றாகப் பயன்படுத்தியது, இந்தியா சொதப்பியது. பிறகு 2016 வரை இந்தியா அதை ஏற்கத் தயங்கியது. இன்றைக்கும் "அம்பயர்ஸ் கோல்" வரும்போது முன்னறையில சண்டை. பந்தின் பாதிக்குக் குறைவான பகுதி ஸ்டம்பில் பட்டா, களத்து நடுவர் சொன்னதே நிலைக்கும். ஒரே பந்து, ஒரு அம்பயருக்கு அவுட், இன்னொருவருக்கு நொட் அவுட், ரெண்டும் சரி. மெல்பேர்னில ஹெயாரும் டன்னும் நின்ற ரெண்டு முனைகள் மாதிரி.

கண்டி ரக்பி ஊர் என்பதால இன்னொரு உதாரணம். நித்தவளையில ரெஃப்ரியைத் திட்டாத சனிக்கிழமை கிடையாது. ஆனா சர்வதேச ரக்பியில ரெஃப்ரியின் மைக் டீவியில கேட்கும். ஏன் பெனல்ட்டி, எதைப் பார்த்தேன், எதைப் பார்க்கல என்று அவர் பேசுவது நமக்கும் கேட்கும். முடிவு பிடிக்காவிட்டாலும் காரணம் கையில இருக்கும்.

ரக்பியின் தூரத்துச் சொந்தமான அமெரிக்கன் ஃபுட்போலில் நடந்ததையும் தேடிப் படித்தோம். 2019 ஜனவரி 20, நியூ ஓர்லியன்ஸ். ஆட்டம் 20-20 என்று சமநிலை, ரெண்டு நிமிஷத்துக்கும் குறைவு. பந்து வந்து சேரும் முன்னமே செய்ன்ட்ஸ் வீரரை ராம்ஸ் வீரர் இடித்துத் தள்ளினார். ஒரு நடுவரும் கொடி வீசல. ராம்ஸ் மேலதிக நேரத்தில் 26-23 என்று வென்று சுப்பர் போலுக்குப் போனது. செய்ன்ட்ஸ் ரசிகர்கள் வழக்குப் போட்டார்கள். சுப்பர் போலைப் பார்க்க மாட்டோம் என்று தெருவில் கூடினார்கள். லீக் அடுத்த பருவத்தில் அந்த வகைத் தவறுக்கும் ரிவியூ கொண்டுவந்தது. ஒரே வருஷத்தில் அதைக் கைவிட்டது. கெமரா இருந்தும், முதலில் சொன்னதை மாற்ற மனசு வராததுதான் பிரச்சினை என்று நாங்க விளங்கிக்கொண்டோம். அப்படி விளங்க எங்களுக்கு ஒரு காரணமும் இருக்கு.

அதே வருஷம் சித்திரைப் புத்தாண்டுக்கு, கண்டிக்கு மேல ஒரு தோட்டத்து மைதானத்துல மென்பந்துச் சுற்றுப்போட்டி. அணிக்கு ஆறு பேர், ஐந்து ஓவர், பந்து தேயிலைக்குள்ள போனா ரெண்டு ஓட்டம். "நீங்க வெளியாளுங்க, பாரபட்சம் இல்ல" என்று சொல்லி எங்களில் ரெண்டு பேரை அம்பயராக்கினாங்க. பெருமையாகத்தான் இருந்தது.

இறுதி ஆட்டம், கடைசி ஓவர். வென்ற அணிக்குக் கிண்ணமும் கொஞ்சம் பணமும். தோட்டத்துப் பையன்கள் அந்தப் பணத்துல மேட்டிங் வாங்கக் கணக்குப் போட்டிருந்தது பிறகுதான் தெரியும். பதினைந்து வயசுப் பையன் ஒருத்தன் நன்றாக அடித்துக்கொண்டிருந்தான். ரெண்டாவது ஓட்டத்துக்கு ஓடி வந்தான். விக்கெட் காப்பாளர் ஸ்டம்பைத் தட்டினார். எல்லாரும் கத்தினாங்க. நாங்க விரலைத் தூக்கினோம்.

"அண்ணே, பந்து மத்த கையில இருந்திச்சிண்ணே" என்றான்.

"அம்பயர் சொன்னா சொன்னதுதான் தம்பி."

அவன் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். அவங்க 4 ஓட்டத்தால தோத்தாங்க. பரிசளிப்பும் முடிந்து, பிளேன்டீ குடித்துக்கொண்டு இருக்கும்போது யாரோ ஒருத்தரின் ஃபோன் வீடியோ கைக்கு வந்தது. காப்பாளரின் வலது கை ஸ்டம்பில. பந்து இடது கையில.

எப்படித் தவறவிட்டோம்? நிற்க வேண்டிய இடம் கோட்டுக்கு நேரே. அங்கே வெயில். நாங்க நின்றது பத்தடி தள்ளி, மர நிழலில். அங்கிருந்து பார்த்தா காப்பாளரின் முதுகு மட்டும்தான் தெரியும். தெரியல என்று சொல்லியிருக்கலாம். சந்தேகம் இருந்தா நொட் அவுட் என்று கொடுத்திருக்கலாம். அத்தனை பேர் கத்தும்போது கை தானாக மேலே போயிடுச்சு.

ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினோம். யாரிடமும் சொல்லல. தம்புள்ளை அம்பயரைத் திட்டி ரெண்டு மாசம்கூட ஆகல.

அடுத்தடுத்த ரெண்டு ஞாயிறும் வீட்டிலேயே இருந்தோம். மூணாவது ஞாயிறு, "போய்ச் சொல்லிட்டு வந்துருவோம்" என்று கிளம்பினோம். பையன் லயத்துக்குப் பின்னால சுவரில பந்தை அடித்துக்கொண்டு இருந்தான். வீடியோவைப் பற்றிச் சொன்னோம், மரத்தடியில நின்றதையும் சொன்னோம். அவன் கொஞ்ச நேரம் பேசல.

"எனக்கு அன்னைக்கே தெரியும்ணே. உங்களுக்குத் தெரியுமாங்கிறதுதான் தெரியாம இருந்திச்சி" என்றான்.

அந்த வசனத்தைத்தான் நாங்க இத்தனை நாளா டீவியைப் பார்த்துக் கத்திக்கொண்டு இருந்தோம், வேற வார்த்தைகளில். ரசிகருக்குப் பிழையே வராத அம்பயர் தேவையில்ல. அப்படி ஒருத்தர் பிறக்கவும் மாட்டார். பிழை நடந்தது என்று அவர்களுக்கும் தெரியும் என்பது நமக்குத் தெரிய வேணும். ஒரு அறிக்கை, ஒரு மைக், ஒரு "ஆமா, தவறிட்டோம்". ஐசிசி உயர நோபோலுக்கும் ரிவியூ கொடுக்கட்டும், நல்லது. அதோட, தீர்ப்புக்கு யாராவது வாயைத் திறந்து பதில் சொல்லும் வழக்கமும் வரட்டும்.

பணம் திரும்பி வரல. கிண்ணம் அடுத்த தோட்டத்துலதான் இருக்கு. மேட்டிங்குக்கு நாங்க கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தோம், போதாது. இந்தச் சித்திரைக்கும் அம்பயரிங்குக்குக் கூப்பிட்டா போவோம். வெயிலில நிற்போம். முன்னறையில கத்துவதை மட்டும் நிறுத்த முடியும் என்று தோணல.