குமுதினி போன காலை

நெடுந்தீவில் வேலி அடைக்க ஓலையோ சீமெந்தோ தேவையில்லை. நிலத்தைக் கொஞ்சம் கிண்டினாலே முருகைக்கல் வரும். ஐயா பெரிய கல்லைக் கீழே இருத்தி, இடுக்குகளில் சிறு கற்களைச் செருகி, மார்பளவுக்கு அடுக்கிக்கொண்டே போவார். சோழகம் எவ்வளவு ஊதினாலும் காற்று இடுக்கால் போய்விடும், வேலி நிற்கும். தண்ணீரும் அந்தக் கல்லுக்குள்தான். மாரி மழை இறங்கி, உவர்நீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கிறது. கிணற்றை ஆழமாக்க ஆசைப்பட்டால் உப்புத்தான் மிஞ்சும்.

போர்த்துக்கேயரின் இடிந்த கோட்டையும் அந்தக் கல்லால் கட்டியதே. ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களை வைத்தார்கள்; ரொட்டர்டாம், லைடன் எல்லாம் மறைந்து, டெல்ஃப்ட் மட்டும் எங்களோடு தங்கிவிட்டது. வருகிறவர்கள் கோட்டையையும், கட்டாக்காலிக் குதிரைகளையும், பெருக்கு மரத்தையும் படம் எடுத்துக்கொண்டு மாலைப் படகுக்குத் திரும்புகிறார்கள். எங்கள் ஊரின் சரித்திரத்தில் 1985 மே 15ஆம் திகதியும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது.

அன்று காலை சின்னம்மாவின் பையை மாவிலித்துறை வரை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். யாழ்ப்பாணத்தில் படிக்கும் மகளுக்கு ஒடியலும் பனங்கட்டியும் அதற்குள் இருந்தன. குறிகட்டுவானுக்குப் போகும் குமுதினிப் படகில் உத்தியோகத்தர், வியாபாரிகள், கைக்குழந்தையோடு தாய்மார் என்று வழமையான கூட்டம். "தம்பி, மாட்டுக்குத் தண்ணி வை. நாளைக்குப் பின்னேரம் வந்திடுவன்" என்றார்.

கரையிலிருந்து பார்த்தால் கடல் எப்போதும்போலவே இருந்தது. நடுக்கடலில் சிறு படகில் வந்தவர்கள் குமுதினியை மறித்து, ஏறி, ஆட்களை வெட்டினார்கள். குறைந்தது 23 பேர் இறந்தார்கள். அதில் பால்குடிப் பிள்ளையும் உண்டு. செய்தி எங்களிடம் துண்டு துண்டாக வந்தது. முதலில் படகு பழுது என்றார்கள். பிறகு பெயர்கள் வரத் தொடங்கின. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வளவில் குழறும் சத்தம் எழும்பியது. கல்வேலி அந்தச் சத்தத்தை மறிக்கவில்லை. சமைத்த சோறு பல வீடுகளில் அப்படியே கிடந்தது.

சின்னம்மா தப்பினார். பிறகு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது வலது கை முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தது. "செத்த சனத்துக்குள்ள மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தனான்" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அவரிடம் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு சனம் மெல்ல மெல்லக் கழன்றது. 1990இல் மறுபடி சண்டை தொடங்கியதும் இன்னும் பலர் போனார்கள்: பெருநிலத்துக்கு, வன்னிக்கு, கனடாவுக்கு. ஆளில்லாத வளவுகளில் வேலிகள் சரிந்தன. சரிந்த கல்லைத் திரும்ப அடுக்க ஐயாவைப்போல் கைப்பழக்கம் உள்ள ஆட்கள் குறைந்துபோனார்கள்.

குமுதினியைக் கழுவித் திருத்தி அதே துறைக்கே விட்டார்கள். மருந்துக்கும் சம்பளத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எங்களுக்கு வேறு பாதை இருக்கவில்லை. கட்டு அவிழ்த்ததும் சின்னம்மா அதில் ஏறித்தான் ஊருக்கு வந்தார்.