சவப்பெட்டியைச் சுமந்த நான்கு தோள்கள்

1803ஆம் ஆண்டு அக்டோபரில், ஹூக்ளி நதிக்கரையிலுள்ள செராம்பூரில் கோகுல் என்னும் வங்காளக் கிறிஸ்தவர் காலமானார். வில்லியம் கேரி, ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு ஆகியோர் அங்கே நிறுவியிருந்த சிறு சபையில், இந்திய விசுவாசிகளுள் முதலில் மறைந்தவர் அவரே. அவரை அடக்கம் செய்வது எப்படி, சுமப்பது யார் என்பதற்கு முன்மாதிரி ஏதும் அச்சபையில் இல்லை.

சவப்பெட்டியைக் கிருஷ்ண பால் செய்வித்தார். அவர் தொழிலால் தச்சர். 1800 டிசம்பர் 28 அன்று, கேரியின் மூத்த மகன் பெலிக்ஸ் திருமுழுக்குப் பெற்ற அதே ஆற்றில், அதே நாளில் திருமுழுக்குப் பெற்றவர். பெட்டியின் உள்ளும் புறமும் தம் செலவிலேயே வெண்துகில் போர்த்தினார். அடக்க நாளில் அப்பெட்டியை நால்வர் தோளில் ஏற்றினர்: மார்ஷ்மன், பெலிக்ஸ் கேரி, பிராமணராகப் பிறந்த பைரவ், இஸ்லாமியராகப் பிறந்த பீரு. தெருவில் திரண்டிருந்தோர் வியந்து நோக்கினர்.

அந்த வியப்புக்குக் காரணம் உண்டு. பிணத்தைத் தொடுவோர் யார், தொடாதோர் யார் என்பதைச் சாதியே தீர்மானித்த நாடு இது. பிற சாதியாரின் சடலத்தைத் தோளில் ஏற்றிய பிராமணர், தம் பிறப்புரிமை அனைத்தையும் ஊரறிய இழந்தார். அவ்விழப்புக்கு ஈடாக இறந்தவர் எதையும் தர இயலாது. அதே ஆண்டில்தான் கிருஷ்ண பாலின் மகளைக் கிருஷ்ண பிரசாத் என்னும் பிராமணக் கிறிஸ்தவர் மணந்தார். சுடுகாட்டில் தொடங்கும் விலக்கம் மணப்பந்தலிலும் பந்தியிலும் தொடர்வது என்பதை அச்சபையார் அறிந்திருந்தனர் போலும்.

பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் அன்புக்குத் தரும் அடைமொழி, நாடக நடிகரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் எதிர்மறை வடிவமாகும். வேடம் புனையாத அன்பு என்பது அதன் பொருள். அடுத்த வரியிலேயே சகோதர அன்பைப் பற்றிப் பேசுகிறார். வேடம் என்பது வெறுப்பை மறைப்பது மட்டுமன்று. ஆலயத்தில் 'சகோதரரே' என்றழைத்துவிட்டு, வீட்டு வாசலில் பழைய பெயரால் அளப்பதும் வேடமே.

செராம்பூரை ஆண்ட அதே டென்மார்க் அரசின் கீழிருந்த தரங்கம்பாடியிலிருந்து வளர்ந்த தமிழ்ச் சபைகளின் வரலாறு வேறாக அமைந்தது. ஒரே ஆலயத்துள் சாதிவாரியாக அமரும் வழக்கம் அங்கே நீடித்தது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டைக் கைவிடுமாறு சுற்றுமடல் விடுத்தபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சாதியைத் துறப்பதினும் சபையைத் துறப்பதே எளிதெனக் கண்டனர். விசுவாச அறிக்கையில் அவர்களுக்கும் மற்றவர்க்கும் வேறுபாடில்லை. வேறுபாடு பக்கத்து இருக்கையில்தான் இருந்தது.

செராம்பூரின் சபை மிகச் சிறியது, அவர்களுக்கு அது எளிதாயிருந்தது என்று வாதிடலாம். ஆயினும், சிறிய சபையிலும் பைரவ் இழந்தது சிறிதன்று. தமிழகத்தின் சில ஊர்களில் இன்றும் கிறிஸ்தவக் கல்லறைகள் சாதியால் பிரிந்தே கிடக்கின்றன. அங்கெல்லாம் உயிர்த்தெழுதலைப் பற்றிய பிரசங்கம் தவறாமல் நிகழ்கிறது. பெட்டியைத் தூக்க மறுபுறத்திலிருந்து ஒரு தோள் மட்டும் இன்னும் வரவில்லை.