1,500 பொற்காசுகள்

என் மக்கள் இருவரும் தோழரோடு ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’, அமெரிக்காவில் கேரி கைகாக்சும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட கற்பனை ஆட்டம். ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பேச்சாலும் பகடையாலும் கதை வளர்க்கின்றனர்.

மகன் போர்வீரன். அவன் சேர்த்த 1,500 பொற்காசுகள் வீட்டில் பெரும் வழக்கை எழுப்பின. 2014-ஆம் ஆண்டு விதிநூலின்படி முழுத் தகட்டுக் கவசத்தின் விலை அதுவே. அவன் அணிந்துள்ள சங்கிலிக் கவசத்தின் காப்பெண் 16, தகட்டினதோ 18. இருபது முகப் பகடையாதலின் ஓர் எண் நூற்றுக்கு ஐந்தாகும். எதிரியின் நூறு வீச்சில் ஏறத்தாழப் பத்து கூடுதலாய்ப் பிழைக்கும். ஆயினும் எடை 65 பவுண்டு. வலிமை 15-க்குக் குறைந்தவனின் நடை தளரும். இரும்பு சுமப்பவன் விரைவதெங்ஙனம்? விதி வகுத்தோர் விவரமறிந்தவரே!

காயமாற்றும் மருந்துக் குப்பியோ 50 காசுதான். அத்தொகைக்கு முப்பது கிடைக்கும்.

“முன்னே நின்று அடிபடுபவன் நான்தானே, அப்பா?” என்றான் மகன்.

மகள் மந்திரக்காரி, கவசப் பயிற்சியே இல்லாதவள். “சென்ற வாரம் வீழ்ந்தவள் நானல்லவா, அண்ணா?” என்றாள்.

இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. எனினும், கவசம் ஓருடலையே காக்குமாதலால் என் மனம் மகள் பக்கமே சாய்ந்தது. வாய் திறந்தேனில்லை.

நெடுநேரம் கணக்கிட்ட மகன், தாளில் 1,500-ஐ அடித்து 1,200 என்று எழுதினான். ஆறு குப்பிகள் தங்கையின் பைக்குச் சென்றன.