கெட்ட பேர் யாருக்குப் போகும்?

போன செமஸ்டரில் மக்கள் தொடர்புப் பாடத்துக்கு ஒரு ஒப்படை தந்தார்கள். நெருக்கடியில் மாட்டிய ஒரு கம்பனி தன்ர பேரை எப்படிக் காப்பாற்றியது, இல்லாட்டி எப்படிக் கோட்டை விட்டது என்று எழுதவேணும். இரண்டு இரண்டு பேராகச் செய்யலாம். வகுப்பில் பாதிப்பேர் டைலினோலைத்தான் எடுத்தார்கள். 1982இல் சிகாகோவில் யாரோ அந்த மாத்திரைக்குள் சயனைட் கலந்து ஏழு பேர் செத்தார்கள். ஜோன்சன் அன்ட் ஜோன்சன் அமெரிக்கா முழுக்க இருந்த 3 கோடிக்கும் மேற்பட்ட போத்தல்களைத் திருப்பி எடுத்தது. எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் இந்தக் கதைதான். நானும் என்னோடு சேர்ந்த வெள்ளவத்தைப் பிள்ளையும் எங்கட நாட்டில் நடந்த ஒன்றைத் தேடுவோம் என்று முடிவெடுத்தோம்.

முதலில் அகப்பட்டது அங்கர். 2013 ஓகஸ்டில் நியூசிலாந்தின் பொன்டெரா கம்பனி, தான் செய்த பால் புரதத் தூளில் நச்சுக் கிருமி இருக்கலாம் என்று தானே அறிவித்தது. இரண்டு நாளுக்குள் அதன் தலைமை நிர்வாகி தியோ ஸ்பியரிங்ஸ் பெய்ஜிங்கில் நின்று மன்னிப்புக் கேட்டார். மாதக் கடைசியில் மறுபரிசோதனை செய்து பார்த்தால், அது அந்த ஆபத்தான கிருமியே இல்லை! அதே மாதம் இலங்கையில் வேறொரு பிரச்சினை. புல்வெளிக்குப் போடும் டிசிடி என்ற இரசாயனம் பால்மாவில் இருக்கிறது என்று சுகாதார அமைச்சு சொன்னது, கம்பனி மறுத்தது. விற்பனைக்கும் விளம்பரத்துக்கும் நீதிமன்றம் தற்காலிகத் தடை போட்டது. பியகம தொழிற்சாலைக்கு முன்னால் ஆர்ப்பாட்டம். கம்பனி சில நாள் வேலையை நிறுத்தி, ஊழியர்களை வீட்டிலேயே இருக்கச் சொன்னது. எனக்கு அப்போது பத்து வயது. அம்மா கொஞ்ச நாள் பிளேன்டீதான் ஊத்தித் தந்தா, அவ்வளவுதான் ஞாபகம்.

ஆனா இப்ப யோசிச்சால், அந்தப் பிளேன்டீதான் விஷயமே. என் அம்மா மாதிரி லட்சக்கணக்கான அம்மாமார் கடையில் வேறு பைக்கட்டை எடுத்தால் கம்பனிக்கு நட்டம். அதனால்தான் அவ்வளவு பதற்றம், அவ்வளவு விளக்கம். பிறகு 2021, 22இல் பால்மாத் தட்டுப்பாடு வந்தபோது அதே பைக்கட்டுக்காக நாங்கள் எல்லாரும் வரிசையில் நின்றோம் என்பது வேற கதை.

இரண்டாவதாக எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலை எடுத்தோம். இங்கேதான் பாடப்புத்தகம் கைவிட்டது. 2021 மே மாதம் அந்தக் கப்பலுக்குள் ஒரு கொள்கலனில் இருந்து நைத்திரிக் அமிலம் கசிந்தது. கட்டார் துறைமுகமும் இந்தியாவின் ஹசிரா துறைமுகமும் அதை இறக்க இடம் கொடுக்கவில்லை. மே 20 கொழும்புக்கு வெளியே தீப்பிடித்தது. ஜூன் 2 மூழ்கத் தொடங்கியது. ஆயிரத்து அறுநூறு தொன்னுக்கும் மேலான பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டுண்டன. நீர்கொழும்புப் பக்கக் கரையில் மணலை அள்ளினால் கைக்குள் ஜவ்வரிசி மாதிரி நிற்கும் அது. மீனவர்களுக்குக் கடலுக்குப் போகத் தடை. ஆமைகள் செத்துக் கரை ஒதுங்கின.

எக்ஸ்-பிரஸ் பீடர்ஸ் கம்பனியின் தலைமை நிர்வாகி ஷ்முவேல் யோஸ்கோவிட்ஸ் அந்த ஜூன் மாதமே சிங்கப்பூர் ரிவியில் இலங்கை மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். புத்தகத்தின்படி சரியான வேலை: உடனே பேசு, தலைவரே பேசு, வருத்தம் சொல்லு. 2025 ஜூலையில் எங்கட உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. செப்டெம்பரில் அதே யோஸ்கோவிட்ஸ் கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார். கப்பல் தொழிலில் பொறுப்புக்கு ஓர் எல்லை உண்டு, அதை மீறினால் தொழிலே நடக்காது என்பது அவருடைய வாதம். லண்டன் நீதிமன்றம் ஏற்கனவே போட்ட எல்லை 1 கோடி 90 லட்சம் பவுண்.

"இவங்களை யார் புறக்கணிக்கிறது?" என்று அவள் கேட்டாள். எனக்கும் பதில் இல்லை. நீர்கொழும்பில் ஒரு மீனவர் அந்தக் கம்பனியிடம் எதையுமே வாங்கினதில்லை. வாங்காமல் விட அவரிடம் ஒன்றும் இல்லை. கம்பனியின் வாடிக்கையாளர்கள் வேறு கப்பல் கம்பனிகள். அவர்களுக்கு ஆமை செத்தது பெரிய விஷயமில்லை. அந்த நாட்களில் சனம் மீன் வாங்கப் பயந்தது. அதாவது கெட்ட பேர் மீனுக்குப் போச்சு, மீன்காரருக்குப் போச்சு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் அவள் சும்மா கேட்டாள், "உங்கட வீடு கொலன்னாவை தானே, அந்தக் குப்பை சரிஞ்ச இடமா?"

ஓம். வீட்டிலிருந்து கொஞ்சத் தூரம். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று மீதொட்டமுல்லக் குப்பைமேடு வீடுகள் மேல் சரிந்து குறைந்தது 32 பேர் இறந்தார்கள். அந்தக் குப்பை எங்கட குப்பை இல்லை. கொழும்பு மாநகர சபையின் குப்பை. கொட்டாஞ்சேனைப் பக்கம் புளூமெண்டலில் கொட்டிக்கொண்டிருந்ததை நிறுத்தியபிறகு, 2009இலிருந்து எங்கட பக்கம் வந்தது. வெள்ளவத்தை வீட்டுச் சோத்துப் பார்சலும் அதில் இருந்திருக்கும். ஆனா நாறுற ஊர் என்ற பேர் யாருக்கு? மாநகர சபையைப் பார்த்து மூக்கைப் பொத்தின ஒருத்தரையும் நான் கண்டதில்லை. பிறகு குப்பையைப் புத்தளம் அருவக்காலுக்குக் கொண்டுபோகத் திட்டம் போட்டபோது 2018இல் அந்தச் சனம் ஏன் அவ்வளவு நாள் றோட்டில் இருந்தது என்று எனக்கு விளங்குது. நாற்றத்தோடு சேர்த்து அந்தப் பேரும் வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

எங்கட வீட்டிலும் ஒரு மக்கள் தொடர்பு நடக்குது. அக்காவின் கலியாணப் பேச்சுக்குக் குறிப்பு எழுதும்போது அம்மா விலாசத்தில் கொலன்னாவை என்று போடவில்லை. "தெமட்டகொடைக்குக் கிட்ட எண்டு சொன்னால் காணும்" என்றா. கொழும்பு 9 என்றால் கேட்கிறவர் முகம் மாறாது. யாரிடமும் பொய் சொல்லவில்லை, உண்மையில் கிட்டத்தான். ஸ்பியரிங்ஸின் ஆட்கள்கூட இதைவிட நன்றாக ஒரு வசனம் எழுதியிருக்க மாட்டார்கள்.

ஒப்படையில் குப்பைமேட்டைச் சேர்க்கலாமா என்று விரிவுரையாளரிடம் கேட்டேன். மாநகர சபை கம்பனி இல்லையே, தலைப்புக்குள் வராது என்றார். சரிதான். அங்கரையும் கப்பலையும் வைத்து எழுதிக் கொடுத்தோம். முன்பக்கத்தில் எங்கள் இரண்டு பேரின் பேரும் விலாசமும் போடவேணும். அவள் டைப் பண்ணிக்கொண்டிருந்தவள், என் வரிக்கு வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"கொலன்னாவை எண்டே போடு," என்றேன்.