ஆவ்ரோவின் ஒலி

என் இளமைப் பருவத்தில் வண்டலூர் ஏரிக்கரையே எங்கள் விளையாட்டுக்களம். வடக்கே தாம்பரத்தில் விமானப்படைத் தளம். அதற்கும் அப்பால் மீனம்பாக்கம் விமான நிலையம். ஆதலால் வானில் ஒலி எழாத நாளே இல்லை. தாம்பரத்தில் ரயில்வே ஊழியராக இருந்த என் தந்தையார், அண்ணாந்து பாராமலே, "ஆவ்ரோ போகிறது" என்பார். நாங்கள் நிமிர்ந்து பார்த்தால் அதுவாகவே இருக்கும். சீழ்க்கையும் முழக்கமும் கலந்த அதன் குரல் அத்தகையது.

அவ்விமானம் பிறந்தது இங்கிலாந்தில். பழைய டக்கோட்டாவிற்கு மாற்றாக வகுக்கப்பெற்ற ஆவ்ரோ 748, 1960 ஜூன் 24 அன்று முதன்முதலாகப் பறந்தது. மறு ஆண்டே, நவம்பர் முதல் நாளில், கான்பூரில் நம்மவர் உருவாக்கிய விமானமும் வானேறிற்று. விமானப்படை அதிகாரி ஹர்ஜிந்தர் சிங் அப்பணியில் முன்னின்றார். தளபதி சுப்ரதோ முகர்ஜியின் நினைவாக அதற்குச் 'சுப்ரதோ' எனப் பெயரிட்டனர். ஆயினும் மக்கள் நாவில் ஆவ்ரோ என்பதே நிலைத்தது. கான்பூரில் மொத்தம் 89 விமானங்கள் உருவாயின. விமானப்படை அதற்கு மாற்றாக 56 சி-295 விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்தது 2021-இல்தான் என்றால், அது உழைத்த உழைப்பை எண்ணிக்கொள்ளலாம்.

இறக்கைக்கு ஒன்றாக அதற்கு இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் எஞ்சின்கள். எரிந்து பெருகும் வாயு டர்பைனைச் சுழற்ற, டர்பைன் பற்சக்கரங்களின் வழியே விசிறியைச் சுழற்றும். எஞ்சின்கள் இறக்கையின் மேற்புறம் அமைந்தமையால் விசிறிகள் தரையினின்று உயர்ந்து நின்றன. செப்பமற்ற சிறு களங்களில் இறங்குவதற்கு அது பெருந்துணை. இவற்றையெல்லாம் நான் பின்னாளில் படித்தறிந்தேன். தந்தையாருக்கு ஒலி மட்டுமே தெரியும்.

1971 டிசம்பர் 9 அன்று, திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ ஒன்று சின்னமனூரை அடுத்த மலையில் மோதிற்று. 31 பேரில் 21 பேர் மாண்டனர். வானொலியில் செய்தி கேட்ட தந்தையார் அன்றிரவு ஒன்றும் பேசவில்லை. அதன் பின்னர் ஆவ்ரோவின் ஒலி கேட்டால், பெயர் சொல்லுவதோடு நில்லார். வாசலுக்கு வந்து, அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்திருப்பார்.

1999 ஜனவரி 11 அன்று, முதுகில் ரேடார் தட்டைத் தாங்கிச் சோதனைக்காகப் பறந்த ஆவ்ரோ ஒன்று அரக்கோணம் அருகே வீழ்ந்தது. மறுநாள் செய்தித்தாளை முதிய தந்தையாருக்குப் படித்துக் காட்டினேன்.

"எத்தனை பேர்?" என்றார்.

"எட்டுப் பேர், அப்பா. ஒருவரும் பிழைக்கவில்லை."

அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "மதுரைக்கு வந்ததில் பத்துப் பேர் பிழைத்தார்களே!" என்றார்.