வாப்பா கேட்ட நன்னீர்

ஜனாஸாத் தொழுகைக்கு வரிசைகள் நின்றதும், வழக்கப்படி எங்களில் மூத்தவர் முன்னால் வந்து, "எங்கள் வாப்பா யாருக்கேனும் கொடுக்க வேண்டியது இருந்தால் எங்களிடம் கேளுங்கள், நாங்கள் பொறுப்பு" என்று அறிவித்தார். அப்போது எங்கள் நினைவில் இருந்தவை மளிகைக் கடைப் பாக்கியும், வலைக்கு வாங்கிய ஒரு சிறு கடனும்தான். இரண்டையும் மறுநாளே தீர்த்துவிட்டோம். நான்காம் நாள் அடுத்த தெருவிலிருந்து ஒரு மாமி வந்தார்கள்.

அவர்களுடைய கணவரும் எங்கள் வாப்பாவும் ஒரே வள்ளத்தில் பல ஆண்டுகள் கடலுக்குப் போனவர்கள். 2006இல் இருவரும் பாதிப் பாதி பணம் போட்டு, எட்டுக் குதிரைத் திறன் கொண்ட யமஹா அவுட்போர்ட் இன்ஜின் ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். மாமா மறைந்த பிறகும் வாப்பா அதை ஓட்டி, பாதிப் பங்கை மாதாமாதம் அந்த வீட்டில் கொடுத்து வந்திருக்கிறார். எங்களுக்கு இது தெரியாது. "மவன் இப்ப கடலுக்குப் போறேங்கிறான். இன்ஜின் இருந்தா குடுங்க. இல்லேன்னா ஹலாலாக்கிடுறேன், அவுக மேல ஒண்ணும் வேண்டாம்" என்றார்கள் மாமி.

இன்ஜின் இருந்தது, கொல்லைப்புறக் கொட்டகையில், 14 மாதங்களாக. அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடலாம் என்று அதற்கு முந்தைய இரவுதான் பேசியிருந்தோம்.

மாமி போனதும் மூவரும் கொட்டகைக்குப் போனோம். எங்களில் ஒருவர் சவூதியிலிருந்து விடுப்பில் வந்தவர், ஒருவர் சென்னையில் துணிக்கடை வைத்திருப்பவர், ஒருவர் பள்ளி ஆசிரியர். பிள்ளைகள் யாரும் கடலுக்கு வரக்கூடாது என்பது வாப்பாவின் கண்டிப்பு. ஆகவே இன்ஜினைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது கயிற்றை இழுத்தால் ஓடும் என்பது மட்டுமே. இழுத்தோம். கயிறு அசையவில்லை. இருவர் சேர்ந்து இழுத்தபோது கயிறு அறுந்து, கைப்பிடி மட்டும் கையோடு வந்தது.

மெக்கானிக் காக்கா வந்ததும் கேட்ட முதல் கேள்வியே, "கயித்த இழுத்தீகளா?" என்பதுதான். தலையைக் குனிந்துகொண்டோம்.

அவர் கியரை நியூட்ரலில் வைத்து, ஃபிளைவீலைக் கையால் அசைத்துப் பார்த்தார். இறுகியிருப்பது கீழே உள்ள கியர்ப்பெட்டி அல்ல, மேலே உள்ள பிஸ்டன்தான் என்பதை முதலில் உறுதி செய்துகொண்டார். பிறகு இரண்டு பிளக்குகளையும் கழற்றி, துளைக்குள் டார்ச் அடித்து எங்களையும் பார்க்கச் சொன்னார். ஒரு சிலிண்டர் ஓரளவு பளபளப்பாக இருந்தது. மற்றொன்றில் செங்கல் நிறத்தில் துரு. பிஸ்டன் அலுமினியம், அதைச் சுற்றியுள்ள ரிங்கும் சிலிண்டரின் உட்சுவரும் இரும்பு. உப்புநீர் பட்டுவிட்டால் இரும்பும் இரும்பும் துருவால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் என்றார். எண்ணெய் இல்லாமல் சூடேறி இறுகிய இன்ஜினாக இருந்தால் அலுமினியம் உருகிச் சுவரில் அப்பியிருக்கும், அது வேறு வைத்தியம்.

"உள்ள எப்படித் தண்ணி போச்சு?" என்று அவரே கேட்டுவிட்டு, இன்ஜின் எப்படிக் கிடந்தது என்று விசாரித்தார். சொன்னோம். இடத்தை அடைக்காமல் இருக்கட்டும் என்று, விசிறி உள்ள கால்பகுதியை ஒரு சாக்கு மூட்டைமேல் தூக்கி வைத்து, தலைப்பகுதி தாழ்ந்திருக்கும்படி நாங்கள்தான் சாய்த்துப் போட்டிருந்தோம். இந்த இன்ஜின்கள் கடல்நீரையே உறிஞ்சித் தங்களைக் குளிர்வித்துக்கொள்பவை. காலில் தங்கியிருந்த உப்புநீர் புகைபோகும் வழியாகத் தலைக்கு இறங்கிவிட்டது. கரைக்கு வந்ததும் ஒரு பீப்பாயில் நன்னீர் நிரப்பி ஐந்து நிமிடம் ஓட்டியிருந்தால் உப்பு கழன்றிருக்கும் என்றார் காக்கா. "உங்க வாப்பா ஒரு நாளும் நல்ல தண்ணி காட்டாம வச்சதில்லையே!"

எங்களுக்கு அங்கேயே கால் தளர்ந்துவிட்டது.

கரையேறிய அன்றே வாப்பா மணலில் சரிந்து விழுந்தார். பக்கவாதம். மருத்துவமனையில் நாக்கு குழறப் பேச்சு திரும்பியபோது அவர் முதலில் சொன்னது "நல்ல தண்ணி" என்பதுதான். நாங்கள் டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய் வாயருகே வைத்தோம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடியும் அதையே சொன்னார். பல நாட்கள் சொன்னார். மினரல் வாட்டர் வாங்கிக் கொடுத்தோம், கிணற்று நீரைக் காய்ச்சிக் கொடுத்தோம். பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

காக்கா தலைப்பகுதியைத் தனியே கழற்றி, பிளக் துளைகள் வானம் பார்க்கும்படி இரு கட்டைகளின்மேல் நிறுத்தினார். பவர் ஸ்டீயரிங் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து துளைகளில் ஊற்றித் துணியால் மூடினார். அசிட்டோன் நெருப்பைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அடுப்பைக் கொல்லைப்பக்கம் கொண்டுவரக் கூடாது என்று எச்சரித்தார். தினமும் அஸருக்குப் பின் அந்தக் கலவை சிறிது, மேலே கெண்டியால் வெந்நீர், பிறகு ஃபிளைவீலில் கைவைத்து இப்படியும் அப்படியும் ஓர் அழுத்தம். அவ்வளவுதான்.

விடுப்பு முடியவிருந்தவருக்குப் பொறுமை இல்லை. ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகித் திருப்பினால் என்ன என்றார். "திருப்பலாம். ராடு வளையும், இல்லேன்னா நட்டு உடையும். பிஸ்டன் அங்கேயேதான் இருக்கும்" என்றார் காக்கா. அந்தத் தம்பி மறுபேச்சுப் பேசவில்லை; விடுப்பை மட்டும் ஒரு வாரம் நீட்டிக்கொண்டார்.

ஏழாம் நாள் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினோம். உப்பில் ஊறிய போல்ட் ஒன்று முறிந்தது. அதைத் துளையிட்டு எடுக்கவே அரைநாள் போயிற்று. துருப்பிடித்த பிஸ்டன் பாதிக்கும் மேலே ஏறி நின்றிருந்தது. அது நல்லது என்றார் காக்கா. இந்த இன்ஜினில் ஒரு பிஸ்டன் இறங்கும்போது மற்றது ஏறும். இரண்டும் தத்தம் எல்லையில் போய் நின்றிருந்தால் எவ்வளவு தட்டினாலும் அடி நேராக கிராங்கில் இறங்குமே தவிர எதுவும் சுழலாது. பிஸ்டனின் தலைமேல் புளியங்கட்டை ஒன்றை வைத்து மரச்சுத்தியலால், கதவைத் தட்டுவதைப் போல, தட்டினார். அன்று ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த மூன்று நாட்களும் அப்படியே.

பதினோராம் நாள் ஒரு நெல்மணி அளவுக்கு இறங்கியது. நாங்கள் முழுவதும் சுற்றப் போனோம். காக்கா கையைப் பிடித்துக்கொண்டார். இறங்கிய அளவுக்கே திரும்ப ஏற்றி, எண்ணெய்விட்டு, மறுபடி இறக்கி, துருவைத் துடைத்தெடுத்து, இப்படியே மஃரிப் பாங்கு வரை. அந்தி மங்கும்போது ஃபிளைவீல் ஒரு முழுச் சுற்று வந்தது.

வேலை அதோடு முடியவில்லை. சிலிண்டர் சுவரில் நகத்தை ஓட்டினால் குழிகளில் சிக்கியது. இராமநாதபுரத்தில் லேத் பட்டறையில் கொடுத்து, 0.50 மில்லிமீட்டர் அகலப்படுத்தி, அதற்கேற்ற பிஸ்டன், ரிங், கேஸ்கெட், தண்ணீர் பம்பின் ரப்பர் இறக்கை என எல்லாம் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. பாதிச் செலவு மாமியின் பங்குதானே என்று எங்களில் ஒருவர் கேட்டது உண்மை. பள்ளிவாசல் இமாமிடம் போனோம். எப்படிக் கெட்டது என்றுதான் அவர் முதலில் கேட்டார். சாக்கு மூட்டையைப் பற்றிச் சொன்னோம். அமானிதப் பொருள் வைத்திருப்பவரின் அலட்சியத்தால் கெட்டால் பொறுப்பு அவரையே சாரும் என்று சொல்லிவிட்டு எழுந்து உளூச் செய்யப் போனார். முழுச் செலவையும் நாங்களே மூன்றாகப் பிரித்துக்கொண்டோம்.

ஓட்டிப் பார்த்த அன்று மாமியின் மகனும் வந்திருந்தான். புது ரிங் பழகும்வரை எண்ணெய் கூடுதலாக வேண்டும் என்பதால் லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி கலந்தோம். பீப்பாயில் இன்ஜினை இறக்கி மாட்டியாயிற்று. அவனையே கயிற்றை இழுக்கச் சொன்னோம். நான்காம் இழுப்பில் வெண்புகை கக்கிக்கொண்டு பிடித்தது. தண்ணீர் வெளியேறும் சிறு துளையில் நீர் பீய்ச்சுகிறதா என்று காக்கா விரலை வைத்துப் பார்த்தார்.

உம்மா இத்தாவில் இருந்தார்கள். காக்காவும் வெளியாட்களும் இருந்ததால் கொல்லைப்பக்கம் வரவில்லை. சத்தம் கேட்டு, மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்கள்.

"என்ன தண்ணி ஊத்துனீக?"

எங்கள் தெருவில் நன்னீர் குடக்கணக்கில் காசுக்குத்தான் வரும். அன்று காலை வந்த வண்டியில் வீட்டுக்கென வாங்கிய அத்தனை குடங்களையும் பீப்பாயில் கவிழ்த்திருந்தோம்.

"நல்ல தண்ணிதான் உம்மா" என்றோம்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்றார்கள்.