ஒரு சுருளும் நான்கு கரைசல்களும்

கறுப்பு வெள்ளைப் படச்சுருளை வீட்டிலேயே கழுவுவோர்க்கு உருத்துலக்கியைத் தெரிவு செய்வது பெரும்பாலும் பழக்கத்தின்பாற்பட்ட காரியம். கொடக் நிறுவனத்தினர் 1927 இல் வெளியிட்ட டி-76 என்னும் கரைசல், சாதாரணச் சுருள் எதற்கும் ஒருவாறு பொருந்தும். ஆனால், கண்டியில் வாழ்ந்த ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர் ஒருவரிடம் இருந்தது சாதாரணச் சுருளன்று.

அது கொடக்கின் ரெக்னிக்கல் பான். ஆவணங்களையும் நுணுக்குக்காட்டிக் காட்சிகளையும் பிரதி செய்வதற்கென ஆக்கப்பட்டது. மணிகள் மிக நுண்ணியவை. எழுத்துக் கறுப்பாகவும் தாள் வெளுப்பாகவும் பிரிந்து நிற்க வேண்டுமென்பதே அதன் இயல்பான நோக்கம். மனித முகமோ இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சாயல்களாலேயே ஆனது. ஆதலால் முகத்தைப் படம்பிடிப்போர் ரெக்னிடோல் என்ற தனி உருத்துலக்கியை நாட வேண்டியிருந்தது. 1999 இல் தம் தாயாரை அச்சுருளில் படம்பிடித்த ஆசிரியர், ரெக்னிடோல் பொதி கிடைக்கும்வரை அதனைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். பொதி வரவில்லை. 2001 இல் தாயார் காலமானார். 2004 இல் சுருளின் விற்பனையும் நின்றது. பின்னர் அதனைக் கழுவும் துணிவு அவருக்கு உண்டாகவில்லை.

துணிவைத் தந்தது மின்வெட்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டபோது, பெட்டியினுள் நீர் கசியத் தொடங்கியது. இனியும் தாமதித்தல் தகாது என அவர் உணர்ந்தார்.

நல்லவேளையாக, அதே தொகுதியைச் சேர்ந்த படம்பிடிக்காத சுருளொன்றும் அவரிடம் இருந்தது. வாயிற்படியில் வெள்ளைச் சேலையொன்றை விரித்து, அருகே கரிச்சட்டியை வைத்துப் படம்பிடித்து, இருளில் துண்டுகளாக வெட்டினார். டி-76 இல் கழுவிய முதல் துண்டில் சேலை மடிப்பெதுவுமற்ற ஒரே பாளமாயிற்று. சட்டி இருளோடு இருளாயிற்று. 1891 முதல் வழங்கிவரும் றொடினலை நூறு மடங்கு நீரிற் கலந்தபோது மடிப்புகள் ஓரளவு தோன்றின. ஆயினும் நிழற்பகுதி வெறுமையாகவே நின்றது. இளைஞர் சிலர் புகழும் கோப்பித்தூள், சலவைச் சோடா, விற்றமின் சீ ஆகியவற்றின் கலவையும் பரீட்சிக்கப்பட்டது. வீடெங்கும் நாறியதேயன்றி வேறு பயனில்லை. (அக்கலவை சாதாரணச் சுருள்களில் நன்றாகவே செயற்படும் என்பதை மறுப்பதற்கில்லை.)

எஞ்சியது பொற்றா. மரிலின் லெவி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960களில், பேரொளியும் கடும் நிழலும் ஒரே படத்தில் அடங்கவேண்டிய தேவைகளுக்காக வகுத்த கரைசல் அது. ஒரு லீற்றர் நீரில் 30 கிராம் சோடியம் சல்பைற்று, 1.5 கிராம் பினிடோன், வேறெதுவும் இல்லை. சல்பைற்று தரும் மென்காரத்தில் பினிடோன் நிழற்பகுதியை விரைவாகத் துலக்கும். ஒளிமிக்க பகுதியிலோ அடர்த்தி கட்டுமீறி ஏறுவதில்லை. எளிமையிலும் இடர் உண்டு. கடைக்காரர் முதலிற் கொடுத்த பொதி சல்பேற்று. ஆசிரியர் சிட்டையை வாசித்திராவிடின் யாவும் பாழாகியிருக்கும். கரைத்த கரைசலும் நெடுநேரம் நில்லாது. அன்றே கலந்து அன்றே பயன்படுத்தல் வேண்டும். குழாய்நீரைப் பனிக்கட்டியிட்டு 20 பாகைக்குக் கொணர்ந்தார். நான்காம் துண்டில் சேலையின் மடிப்பும் சட்டியின் விளிம்பும் ஒருங்கே தெரிந்தன.

அதன்பின்னரும் அவர் இரண்டு நாள் தாமதித்தார். பரீட்சைச் சுருள் அண்மையில் ஒளிபட்டது. மற்றதன் மறைவுருவமோ இருபத்துமூன்று ஆண்டுகள் பழையது. மறைவுருவம் காலத்தால் மங்கும் என்பதை மாணவர்க்குக் கற்பித்தவர் அவரே. இறுதியில், துண்டுக்குக் கொடுத்த நேரத்துடன் மேலும் இரண்டு நிமிடம் கூட்டுவதெனத் தீர்மானித்தார். அதற்குக் கணக்கு எதுவும் இல்லை, ஊகமே. கரைசலை முன்னரே நிரப்பிய கலத்தினுள் சுருளை இருளில் அமிழ்த்தி, உடனே பலமாகக் குலுக்கினார். இவ்வகை விரைவுக் கரைசலை மெல்ல ஊற்றினால் படலத்தில் கோடுகள் விழும்.

முப்பத்தாறு சட்டங்களுள் பதினொன்று தேறின. மற்றவை புகைமூட்டமாயிருந்தன. தேறியவற்றுள் ஏழாவதில் தாயார் கிணற்றடியில் நின்று, படம் எடுக்க வேண்டாமென்று கையை உயர்த்தியிருந்தார். முகத்தின் பாதியைக் கை மறைத்தது. சேலையின் மடிப்புகள் ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தன. ஆசிரியர் சுருளைக் குளியலறைக் கொடியில் உலரவிட்டு, எஞ்சிய பினிடோனைப் போத்தலில் அடைத்து, அதன்மேல் திகதியை எழுதினார்.